மாரில் இருந்த கட்டி எலும்புக்கு எப்படிப் போனது? ஒரு 22 எழுத்துச் சங்கதி

“மாருலதானே டாக்டர் கட்டி இருந்துச்சு, இடுப்பு எலும்புக்கு எப்டிப் போச்சு?”

ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வருகிற ராயபுரத்துக் குடும்பமாக இருக்கட்டும், எண்ணூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்களாக இருக்கட்டும், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்ததும் வாயில் வருகிற கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. எலும்பில் தெரிகிற அந்தக் கட்டி எலும்புப் புற்றுநோய் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அதிலிருந்து ஊசியால் சதை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரிவது மார்புச் செல்தான். அதனால் கொடுக்கிற மருந்தும் மார்புப் புற்றுநோய்க்கானதே. புற்றுநோயால் நேரும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு முதல் கட்டி காரணமில்லை. இப்படி வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்ட செல்கள்தான் காரணம்.

போய் உட்காருவது ஒன்றும் சுலபமான வேலை இல்லை. செல் பக்கத்துச் செல்லை விட்டுப் பிரிய வேண்டும். சுற்றியுள்ள சவ்வைக் கரைத்து, ரத்தக் குழாயிலோ நிணநீர்க் குழாயிலோ நுழைய வேண்டும். ரத்த ஓட்டத்தின் அடியையும் நோய் எதிர்ப்புச் செல்களையும் தாக்குப்பிடித்து, தூரத்தில் ஓர் இடத்தில் குழாயைத் துளைத்து வெளியேறி, பழக்கமில்லாத மண்ணில் வேர் பிடிக்க வேண்டும். ரத்தத்தில் இறங்குகிற பத்தாயிரம் செல்லில் ஒன்றுகூடக் கடைசிவரை தேறாது. தேறுகிற அந்த ஒன்று, பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் தன் குணத்தை மாற்றிக்கொண்டே போகிறது. அதன் டி.என்.ஏ. எழுத்துகள் வழியெல்லாம் புதிதாக மாறவேண்டும் என்பதில்லை. எந்தப் புரதம் எவ்வளவு உற்பத்தியாக வேண்டும் என்ற அளவு மாறினாலே போதும். அந்த அளவைக் கூட்டிக் குறைக்கிற வேலையில்தான் சின்ன ஆர்.என்.ஏ.க்கள் வருகின்றன.

சீட்டைப் பிடித்துவைக்கும் ஆள்

வியாசர்பாடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸில் வரைபடக் கோப்பு இருக்கிறது, அது வெளியே வராது. அதிலிருந்து ஒரு வேலைச் சீட்டு எழுதிக் கீழே அனுப்புவார்கள். சீட்டு மெஷினுக்கு வந்தால் உருப்படி தயாராகும். செல்லுக்குள் கோப்பு டி.என்.ஏ., சீட்டு தூது ஆர்.என்.ஏ., உருப்படி புரதம். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சீட்டு மெஷினுக்குப் போகும் வழியில் அதைப் பிடித்துவைக்கிற, சில சமயம் கிழித்தே போடுகிற ஆள்.

தூது ஆர்.என்.ஏ. ஆயிரக்கணக்கான எழுத்து நீளம் இருக்கும். மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்துதான். பிறக்கும்போது அது இவ்வளவு குட்டையாக இருப்பதில்லை. முதலில் நீளமான இழை ஒன்று உருவாகி, தனக்குள்ளேயே மடிந்து கொண்டை ஊசி போல நிற்கும். செல்லின் கருவுக்குள் டிரோஷா என்ற நொதி அதை வெட்டி, எழுபது எழுத்துக்குக் கிட்டத்தட்டச் சுருக்குகிறது. எக்ஸ்போர்ட்டின்-5 என்ற புரதம் அதைக் கருவுக்கு வெளியே தூக்கிவருகிறது. வெளியே டைசர் என்ற இன்னொரு நொதி கொண்டையின் தலையை வெட்டுகிறது. மிஞ்சும் இரட்டை இழையில் ஒன்று ஆர்கோனாட் என்ற புரதத்துக்குள் போய் உட்காரும், மற்றது பெரும்பாலும் அழிந்துபோகும். உட்கார்ந்த இழையின் 2-ஆவது எழுத்திலிருந்து 8-ஆவது எழுத்து வரையிலான பகுதிதான் ‘விதை’. எந்தத் தூது ஆர்.என்.ஏ.வின் வால் பகுதியில் இந்த ஏழெழுத்துக்கு ஜோடி இருக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும்.

ஏழெழுத்துப் பொருத்தம் என்பதால் ஒரே மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான சீட்டுகளைப் பிடிக்க முடியும். கேட்பதற்கு பயங்கரமாக இருந்தாலும், ஒவ்வொரு சீட்டின் மேலும் அதன் பிடி தளர்வானது. பிடிபட்ட புரதம் பாதியாகக்கூடக் குறையாது, அதுதான் பெரும்பாலும் அளந்து கண்ட முடிவு. அதாவது இது லைட் ஸ்விட்ச் இல்லை, ஃபேன் ரெகுலேட்டர். இதை மறந்துவிட்டு எழுதப்படுகிற செய்திகள்தான் “கேன்சர் பரவலை நிறுத்தும் மூலக்கூறு கண்டுபிடிப்பு” என்று தலைப்புப் போடுகின்றன.

இந்த ரெகுலேட்டரை முதலில் பார்த்தது ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில். 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸ் குழு லின்-4 என்ற மரபணு புரதமே தயாரிக்காமல் ஒரு குட்டி ஆர்.என்.ஏ.வை மட்டும் தயாரிப்பதைக் கண்டது. அது லின்-14 என்ற மரபணுவின் சீட்டைப் பிடித்துவைக்கிறது என்பதை கேரி ருவ்குன் காட்டினார். புழுவின் ஏதோ தனி வினோதம் என்று ஏழு வருடம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2000-இல் லெட்-7 என்ற இன்னொரு குட்டி ஆர்.என்.ஏ. வந்தது. அது மனிதன் வரை பல விலங்குகளில் எழுத்து மாறாமல் இருந்தபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இருவருக்கும் நோபல் கிடைத்தது 2024-இல்.

புற்றுநோயோடு முதல் முடிச்சு விழுந்தது 2002-இல், கார்லோ குரோச்சேயின் ஆய்வகத்தில். நாள்பட்ட ஒருவகை ரத்தப் புற்றுநோயில் 13-ஆவது குரோமோசோமின் ஒரு துண்டு காணாமல் போயிருப்பது முன்பே தெரியும். அந்தத் துண்டில் புரதம் செய்கிற மரபணு எது கெட்டது என்று வருடக்கணக்கில் தேடினார்கள். காணாமல் போனது இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏ.: மிர்-15, மிர்-16. (ஆய்வகத்தில் ‘மிர்’ என்றே கூப்பிடுவார்கள். எண் கண்டுபிடித்த வரிசைதான், முக்கியத்துவத்தின் வரிசை இல்லை.)

ஒட்டுப்பட்டையும் ஏற்றப்பலகையும்

பரவலில் மிக நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்ட கதை மிர்-200 குடும்பத்தினுடையது. ஐந்து பேர் கொண்ட குடும்பம்: 200ஏ, 200பி, 200சி, 141, 429. மூன்று பேர் 1-ஆவது குரோமோசோமில், இரண்டு பேர் 12-ஆவதில்.

மார்புப் பால்குழாயின் உள்சுவரில் செல்கள் வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. ஒட்டவைப்பது இ-கேட்ஹெரின் என்ற புரதம். ஒவ்வொரு செல்லும் அதைத் தன் மேற்பரப்பில் நீட்டிவைக்கும். பக்கத்துச் செல் நீட்டியதோடு அது கோத்துக்கொள்ளும், பள்ளிக்கூடப் பையின் ஒட்டுப்பட்டை போல. கோக்க கால்சியம் வேண்டும். ஆய்வகத்தில் தட்டில் வளரும் செல்களைப் பிரிக்க ஈ.டி.டி.ஏ. ஊற்றுவது அதற்காகவே, அது கால்சியத்தைப் பிடித்துக்கொண்டுவிடும். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊதா மூடிக் குழாயில் இருப்பதும் அதே ஈ.டி.டி.ஏ.தான். அங்கே கால்சியத்தைப் பிடித்து ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிறது.

இ-கேட்ஹெரின் மரபணுவை மூடிவைக்கிற புரதங்கள் ஸெப்1, ஸெப்2. இவை ஏறினால் ஒட்டுப்பட்டை பிரியும். வரிசையில் நின்ற செல், நீண்டு மெலிந்து நகர்கிற செல்லாக மாறும். கருவில் குழந்தை வளரும்போதும் காயம் ஆறும்போதும் செல்கள் பயன்படுத்துகிற பழைய வித்தை இது. புற்றுநோய் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை, இருந்ததை எடுத்துக்கொண்டது.

மிர்-200 குடும்பம் ஸெப் சீட்டுகளைப் பிடித்துவைக்கிறது. மிர்-200 இருக்கும்வரை ஸெப் குறைவு, ஒட்டுப்பட்டை உறுதி. 2008-இல் சில மாத இடைவெளியில் பல ஆய்வகங்கள் இதையே சொன்னன. ஆனால் மேலே சொன்னபடி மைக்ரோ ஆர்.என்.ஏ. வெறும் ரெகுலேட்டர் என்றால், இங்கே மட்டும் எப்படிச் செல்லின் வடிவமே மாறுகிற அளவுக்கு வேகம்? இரண்டு காரணம். ஒன்று, ஸெப் தூது ஆர்.என்.ஏ.வின் வாலில் மிர்-200 ஒட்டுவதற்கு ஒன்றல்ல, பல இடங்கள் இருக்கின்றன. பிடிக்கும் கைகள் கூடக்கூடப் பிடி இறுகும். இரண்டாவது காரணம்தான் அழகானது. ஸெப் புரதம் திரும்பிப்போய் மிர்-200 மரபணுவையே மூடிவிடுகிறது. இவன் அவனை அமுக்க, அவன் இவனை அமுக்க, விளையாட்டுத் திடலின் ஏற்றப்பலகை மாதிரி நடுவில் நிற்கவே முடியாது. ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே தீரும். கட்டியைச் சுற்றியுள்ள செல்கள் டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞையைக் கொட்டினால் ஸெப் பக்கம் கனம் கூடி, பலகை கவிழ்கிறது. இரண்டு ரெகுலேட்டர்களை எதிரெதிராக இணைத்தால் ஒரு ஸ்விட்ச் கிடைத்துவிடுகிறது.

இதற்கு எதிர்த் திசையில் வேலை செய்வது மிர்-10பி. 2007-இல் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில், பரவும் குணமில்லாத மார்புப் புற்றுநோய்ச் செல்களில் இதைக் கூட்டிவிட்டு எலிக்குள் வைத்தார்கள். செல்கள் பரவ ஆரம்பித்தன. சங்கிலி இப்படிப் போகிறது: ட்விஸ்ட் என்ற புரதம் மிர்-10பியை ஏற்றுகிறது, மிர்-10பி ஹாக்ஸ்-டி10 சீட்டைப் பிடிக்கிறது, ஹாக்ஸ்-டி10 அதுவரை அடக்கிவைத்திருந்த ரோ-சி விடுபடுகிறது, ரோ-சி செல்லின் உள்சட்டத்தை இழுத்து நகரவைக்கிறது. பிரேக்கின் பிரேக் இது. சங்கிலியில் எத்தனை பிரேக் இருக்கிறது என்று எண்ணாமல் “மிர்-10பி நல்லதா, கெட்டதா” என்று கேட்பதில் பயனில்லை.

அடுத்த வருடம் ஜோன் மசாகேயின் குழு தலைகீழாகத் தேடியது. பரவிய செல்களில் எது *தொலைந்துபோயிருக்கிறது* என்று பார்த்ததில் மிர்-335, மிர்-126, மிர்-206 அகப்பட்டன. மிர்-335-ஐத் திருப்பிக் கொடுத்தால் எலியின் நுரையீரலில் பரவல் குறைந்தது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் உறவினர்களும் இந்த வேலையில் உண்டு. புரதம் செய்ய மூலப்பொருளைச் சுமந்துவரும் டி-ஆர்.என்.ஏ. உடைந்து உண்டாகும் குட்டித் துண்டுகள் ஒய்.பி.எக்ஸ்1 என்ற புரதத்தை மொய்த்துக்கொண்டு, பரவலுக்கு உதவும் சீட்டுகளுக்கு அந்தப் புரதம் ஆதரவு தரவிடாமல் செய்கின்றன. பரவும் செல்களில் இந்தத் துண்டுகள் குறைந்துவிடுகின்றன. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஊருக்கு முன்னால் போகும் மூட்டை

செல்கள் எக்ஸோசோம் என்ற நுண்பைகளை வெளியே விடுகின்றன. விட்டம் 30 முதல் 150 நானோமீட்டர். ஒரு சிவப்பணுவின் குறுக்கே ஐம்பதுக்கும் மேல் வரிசையாக வைக்கலாம். உள்ளே புரதம், கொழுப்பு, ஆர்.என்.ஏ. எல்லாம் கலந்திருக்கும். 2014-இல், பரவும் மார்புப் புற்றுநோய்ச் செல்கள் விடுகிற பைகளில் மிர்-105 இருப்பதையும், அது ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களுக்குள் போய் இசட்.ஓ-1 என்ற இணைப்புப் புரதத்தைக் குறைப்பதையும் காட்டினார்கள். குழாய்ச் சுவர் ஒழுகினால் பின்னால் வரும் செல்லுக்கு வழி சுலபம். 2015-இல் மிர்-122 பற்றி வந்தது இன்னும் தந்திரமானது: நுரையீரல், மூளைச் செல்களுக்குள் போய் அவை குளுக்கோஸ் சாப்பிடுவதைக் குறைத்துவிடுகிறது. வரப்போகிற விருந்தாளிக்குச் சாப்பாடு மிச்சம். மூளையின் ரத்தத் தடுப்பைத் தளர்த்தும் மிர்-181சி பற்றிய ஆய்வும் அதே வருடம்.

கதை கச்சிதமாக இருக்கிறது. கச்சிதமாக இருப்பதனாலேயே கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். 2014-இலேயே வேறொரு குழு எக்ஸோசோமுக்குள் எத்தனை பிரதி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தது. ஏராளமாக இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.விலும் ஒரு பிரதி கிடைக்கச் சராசரியாக நூறு பைகளுக்கு மேல் திறக்க வேண்டியிருந்தது. பிளாஸ்மாவில் (ரத்தத்தில் செல்களை நீக்கினால் மிஞ்சும் திரவம்) மிதக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் பெரும்பகுதியும் பைக்குள் இல்லை, ஆர்கோனாட் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வெளியேதான் இருக்கிறது. கட்டியை ஒட்டிய இடத்தில் பைகள் குவியலாக விழும்போது வேலை நடக்கலாம், அதை மறுக்கவில்லை. ஒரு பை நுரையீரல்வரை மிதந்து போய் அங்குள்ள செல்லின் புத்தியை மாற்றிவிட்டது என்று படம் போட்டுக் காட்டுவதற்கு மட்டும் இந்தக் கணக்கு இடம் தராது.

தொடக்கத்தில் பிரேக், முடிவில் ஆக்ஸிலரேட்டர்

மிர்-200 இருந்தால் செல் பிரியாது, பரவாது என்றோமே. 2011-இல் அதே மிர்-200-ஐக் கூட்டியபோது எலியின் நுரையீரலில் கட்டிகள் *அதிகமாயின*. தவறான சோதனை இல்லை. இரண்டுமே சரி.

பிரிந்து போவதற்கு செல் தன் ஒட்டுப்பட்டையை விட வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் கட்டியாக வளர மறுபடி ஒட்டி நின்று பெருக வேண்டும். நகர்ந்துகொண்டே இருக்கிற செல் அதிகம் பெருகுவதில்லை. அதோடு, மிர்-200 செக்23ஏ என்ற புரதத்தைக் குறைத்து, செல்லிலிருந்து வெளியே சுரக்கும் சில புரதங்களைத் தடுக்கிறது. பரவலை அடக்கிவைக்கிற புரதங்களும் அதில் அடக்கம். ஆக, புறப்படும் வாசலில் பிரேக்காக இருந்த அதே மூலக்கூறு, வந்து இறங்கிய வாசலில் ஆக்ஸிலரேட்டர். கேட்க வேண்டிய கேள்வி எப்போதும் இரண்டு: எந்தச் செல்லில், எந்தக் கட்டத்தில்? இந்த இரண்டையும் சொல்லாமல் “மிர் இத்தனை கூடியிருக்கிறது” என்று மட்டும் சொல்கிற எந்த முடிவும் பாதி முடிவுதான்.

‘எந்தச் செல்லில்’ என்பதை விட்டதால் ஏற்பட்ட பெரிய சறுக்கல் மிர்-143, மிர்-145. பெருங்குடல் கட்டியில் இவை குறைந்திருப்பதை எல்லோரும் கண்டார்கள். புற்றுநோயைத் தடுக்கிறவை என்று எழுதினார்கள். பிறகு செல்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், குடலின் உள்சுவர்ச் செல்லில் இவை அநேகமாக இல்லவே இல்லை. அடியிலுள்ள தசை, நார்த்திசுச் செல்களில்தான் இருக்கின்றன. கட்டியில் உள்சுவர்ச் செல் பெருகி, நார்த்திசுவின் பங்கு குறைந்தது. அரைத்து அளந்தபோது மொத்தத்தில் மிர்-143 ‘குறைந்தது’. சாம்பாரில் காயை அதிகம் போட்டுவிட்டுப் பருப்பு கெட்டுவிட்டது என்று சொல்வது போல. சதைத் துண்டை அப்படியே அரைத்து அளக்கிறவர் எல்லோருக்கும் இந்தக் குழி காத்திருக்கிறது. முதலில் ஸ்லைடில் கட்டிச் செல் எத்தனை சதவீதம் என்று நோய்க்குறியியல் மருத்துவரிடம் குறித்து வாங்கி, அந்தப் பகுதியை மட்டும் சுரண்டி எடுப்பது ஓரளவு காப்பாற்றும்.

ஒரு ஊதா மூடிக் குழாயின் பயணம்

“ஒரு துளி ரத்தத்தில் கேன்சர் பரவியதா என்று தெரியும்” என்ற விளம்பரங்கள் நம் செல்போனுக்கும் வருகின்றன. ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. சிதையாமல் இருக்கிறது என்பது 2008 முதல் தெரிந்த உண்மை. அளப்பதில்தான் சிக்கல். எதனால் என்பதைக் குழாயோடு கூடவே போய்ப் பார்த்தால் புரியும்.

ரத்தம் எடுப்பது ஊதா மூடிக் குழாயில். பச்சை மூடியில் ஹெப்பாரின் இருக்கும், அது பி.சி.ஆர். (மரபுப் பொருளைச் சுற்றுச் சுற்றாக இரட்டித்து அளக்கும் முறை) நொதிகளைத் தடுக்கும், முடிவு பொய்யாகக் குறைந்து வரும். கைக்கட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகக் கூடாது. மெல்லிய ஊசியால் சிரிஞ்சில் வேகமாக இழுத்துக் குழாயில் பீய்ச்சினால் சிவப்பணுக்கள் உடையும். உடைந்தால் சோதனை அங்கேயே முடிந்தது, ஏனென்றால் சிவப்பணுவுக்குள் மிர்-451, மிர்-16 மலைபோல் இருக்கின்றன. அவை பிளாஸ்மாவில் கலந்தால் கட்டியிலிருந்து வந்த சொற்பம் எந்த மூலை என்றே தெரியாது.

எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் மெஷினில் வைத்துச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரிக்க வேண்டும். தண்டையார்பேட்டையில் எடுத்த குழாய் தரமணியிலோ அடையாறிலோ உள்ள ஆய்வகத்துக்குப் போக வேண்டுமென்றால் இந்த இரண்டு மணி நேரம் எதற்கும் காணாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே, மே மாத வெயிலில், பைக் பெட்டியில் குலுங்கிப் போகிற முழு ரத்தம் போய்ச் சேரும்போது இளஞ்சிவப்பு பிளாஸ்மாவாகத்தான் சேரும். வெயிலுக்குப் பயந்து ஐஸ் கட்டி மேலேயே குழாயை வைப்பது இன்னும் மோசம். உறைந்தால் சிவப்பணு முழுக்க வெடித்துவிடும். எடுத்த இடத்திலேயே பிளாஸ்மாவைப் பிரித்து, உறையவைத்து, உலர்பனிக்கட்டியில் அனுப்புவதுதான் வழி.

பிரிப்பதும் இரண்டு சுழற்சி. முதலில் சுமார் 2,000 ஜி விசையில் (புவியீர்ப்பைப் போல 2,000 மடங்கு) பத்து நிமிடம். மேலே நிற்கும் மஞ்சள் பிளாஸ்மாவை பிப்பெட்டால் எடுக்கும்போது கீழே உள்ள வெள்ளை அடுக்குக்கு அரை சென்டிமீட்டர் மேலேயே நிறுத்திவிட வேண்டும். ஆசைப்பட்டுக் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சினால் வெள்ளையணுவும் தட்டணுவும் கூட வரும். எடுத்ததை மறுபடி 10,000 ஜிக்கு மேல் பத்து நிமிடம் சுழற்றினால் மிஞ்சிய தட்டணு அடியில் படியும். தட்டணுவை விட்டுவைத்து உறையவைத்தால், உருக்கும்போது அது உடைந்து தன் மைக்ரோ ஆர்.என்.ஏ. முழுவதையும் கொட்டும். பிறகு 200 மைக்ரோலிட்டராகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்கி உறையவைக்கக் கூடாது, அதற்காகத்தான் சின்னச் சின்னதாகப் பிரிப்பது.

சிவப்பணு உடைந்ததா என்று கண்ணால் பார்த்தால் போதாது. 414 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கலாம். ஹீமோகுளோபின் அங்கே காட்டிக்கொடுக்கும். அதைவிட நுணுக்கம், பி.சி.ஆரில் மிர்-23ஏ-க்கும் மிர்-451-க்கும் உள்ள சுற்று வித்தியாசம். மிர்-23ஏ சிவப்பணு உடைந்தாலும் அதிகம் அசையாது. வித்தியாசம் 5-ஐத் தாண்டினால் சந்தேகம், 7-ஐத் தாண்டினால் அந்த மாதிரியைத் தூக்கிப்போட வேண்டியதுதான். ஒரு சுற்று என்றால் இரண்டு மடங்கு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இந்த எண்களின் கனம் தெரியும்.

ஆர்.என்.ஏ. பிரிக்கும்போது எவ்வளவு வீணானது என்று அறிய, மனிதனிடம் இல்லாத ஒன்றை அளந்து கலக்கிறார்கள்: அந்த ஒரு மில்லிமீட்டர் புழுவின் மிர்-39. அதைப் பிளாஸ்மாவில் நேராக ஊற்றினால் அங்குள்ள நொதிகள் கணப்பொழுதில் தின்றுவிடும். சிதைக்கும் கரைசலை முதலில் ஊற்றி, நொதிகள் செத்த பிறகுதான் கலக்க வேண்டும். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் வரிசையை மாற்றுவது இங்கேதான். செல்களில் ஒப்பீட்டுக்குப் பயன்படுத்தும் யு6 ஆர்.என்.ஏ.வைப் பிளாஸ்மாவிலும் அப்படியே பயன்படுத்துவது இன்னொரு வழக்கமான தவறு. பிளாஸ்மாவில் அது நிலையாக இருக்காது. ரிப்போர்ட்டில் ‘மிர்-200சி’ என்று மட்டும் போட்டு, கொண்டையின் எந்தக் கை, 3பி-யா 5பி-யா என்று சொல்லாமல் விடுவதும் உண்டு. இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு வேலை.

இத்தனைக்கும் பிறகு உருப்படியாக வந்திருக்கிற ரத்தச் சோதனை ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: ஆண்களின் விரைப் புற்றுநோயில் மிர்-371ஏ-3பி. பெரிய ஆய்வில் நோய் உள்ளவர்களில் 100-க்கு 90 பேரைப் பிடித்தது. ஏன் அது மட்டும் ஜெயித்தது? வயதுவந்த ஆணின் ரத்தத்தில் அது இயல்பாக அநேகமாக இல்லை. சிவப்பணு உடைந்தாலும் கொட்டுவதற்கு அங்கே சரக்கு இல்லை. அதுவும் டெரட்டோமா என்ற உட்பிரிவைத் தவறவிடும், அந்தக் கட்டி அதைத் தயாரிப்பதில்லை. மார்பு, வயிறு, வாய்ப் புற்றுநோய்களில் இப்படிப் பளிச்சென்று தனித்து நிற்கிற மைக்ரோ ஆர்.என்.ஏ. இதுவரை அகப்படவில்லை. அந்த நோய்களில் இன்று பரவலைத் தீர்மானிப்பது ஸ்கேன், நெறிக்கட்டியின் பயாப்சி; மார்பாக இருந்தால் மருந்தைத் தீர்மானிப்பது ஈ.ஆர்., பி.ஆர். (ஹார்மோனைப் பிடிக்கும் புரதங்கள்), ஹெர்2 (செல்லை வளரத் தூண்டும் புரதம்) சோதனைகள். தனியாக மைக்ரோ ஆர்.என்.ஏ. சோதனைக்கு யாராவது பணம் கேட்டால், அந்த முடிவு எப்படி வந்தாலும் மருந்தில் எது மாறும் என்று கேளுங்கள்.

மருந்தாக்கப் போனபோது

குறைந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஊசியில் கொடுப்பது ஒரு வழி. மிர்-34ஏ-வைக் கொழுப்புத் துளிக்குள் வைத்த எம்.ஆர்.எக்ஸ்34 மருந்து 2013-இல் மனிதச் சோதனைக்கு வந்தது. 2016-இல் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கடுமையான எதிர்வினைகளால், உயிரிழப்புகளும் நேர்ந்த பிறகு, நிறுத்தப்பட்டது. இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை நம் உடல் வைரஸ் என்றே நினைக்கிறது. அதில் உடலைக் குற்றம் சொல்ல முடியாது.

கூடியதைப் பூட்டுவது இன்னொரு வழி. 2010-இல் எலிகளில் மிர்-10பிக்கு எதிர் இழை கொடுத்தார்கள். மார்புக் கட்டி சுருங்கவே இல்லை. நுரையீரலில் புதிதாக முளைப்பது மட்டும் வெகுவாகக் குறைந்தது. ஏற்கெனவே ரத்தத்தில் இறங்கிவிட்ட செல்லிடம் அந்த இழை பலிக்கவில்லை. மறுபடி அதே கேள்வி: எந்தக் கட்டத்தில்? மருத்துவமனைக்கு வருகிறவருக்குச் செல்கள் எப்போதோ கிளம்பிவிட்டிருக்கலாம். இரும்பு ஆக்சைடு நானோ துகளில் அதே எதிர் இழையை ஏற்றி மனிதர்களிடம் தொடக்கக்கட்டச் சோதனை மட்டும் நடந்திருக்கிறது.

கொண்டுபோய்ச் சேர்ப்பதும் பாடுதான். வெறும் இழையைச் சிறுநீரகம் சில நிமிடங்களில் வடிகட்டிவிடும். கொழுப்பில் பொதிந்தால் கல்லீரல் விழுங்கிக்கொள்ளும். 2018-இல் அனுமதி பெற்ற, மைக்ரோ ஆர்.என்.ஏ. போலவே சீட்டைப் பிடிக்கிற முதல் குறுக்கீட்டு ஆர்.என்.ஏ. மருந்தான பட்டிசிரான் கல்லீரலைக் குறிவைத்தது ஏன் என்றால், சும்மா விட்டாலே மருந்து போகிற இடம் அதுதான். செல்லுக்குள் நுழைந்த பிறகும் விழுங்கிய பையிலிருந்து தப்பி வெளியே வருவது சில சதவீதமே.

பிளாக்கை வாங்கி வையுங்கள்

ஆபரேஷனிலோ பயாப்சியிலோ எடுத்த சதையை ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்து வைப்பார்கள். விரல் நுனி அகலம்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் ‘பிளாக்’ என்று கேட்டால் புரியும். ஃபார்மலினும் வருடங்களும் நீளமான தூது ஆர்.என்.ஏ.வைப் பொடிப்பொடியாக உடைத்துவிடுகின்றன. 22 எழுத்தில் உடைவதற்கு அதிகமில்லை. பத்து வருடப் பிளாக்கிலும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை நம்பி அளக்கலாம். நோய் திரும்பி வந்து எலும்பிலோ கல்லீரலிலோ மறுபடி பயாப்சி எடுத்தால், பழைய பிளாக்கை வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஈ.ஆர்., ஹெர்2 நிலை இரண்டுக்கும் நடுவே மாறியிருந்தால் மருந்தே மாறும், அது இன்றைக்கே பயன்படுகிற விஷயம்.

வேறு ஆஸ்பத்திரிக்கு மாறும்போது ஸ்லைடோடு பிளாக்கையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். பிளாக்கின் எண், ரிப்போர்ட்டிலுள்ள பயாப்சி எண்ணோடு பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். மெழுகு உருகுவது சுமார் 56 டிகிரியில். கொருக்குப்பேட்டையில் தகரக் கூரைக்கு அடியில் இருக்கிற இரும்புப் பீரோ, வெயிலில் நிற்கிற ஆட்டோவின் டேஷ்போர்டு இரண்டும் அதற்குப் பக்கத்தில் போய்விடும். டப்பாவில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலை எதுவோ அங்கே வையுங்கள்.